கதவு வைப்பதற்குள்

ஆற்றங்கரைப் பூங்காவில் வீடுகள் முளைக்கத் தொடங்கியது, அது திறக்கப்பட்ட மூன்றாம் வருடத்து ஐப்பசியில், முதல் மழை விழுந்து மண் இளகி, களை எடுக்கிற பெண்களைச் செம்மேட்டிலிருந்து வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்ட அந்த வாரத்தில்தான். பார்த்தீனியச் செடி ஒன்றைப் பிடுங்கக் குனிந்த கஸ்தூரி, அதன் தூரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வாசற்படி மண்ணைக் கீறிக்கொண்டு எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். சிமெண்டு பூசிய படி, ஒரு மூலை உடைந்தது, எப்போதோ பூசிய மஞ்சள் மங்கிப்போனது. "இது எங்கூட்டுப் படியாச்சே" என்றாள், தெரிந்தவர் ஒருவரைப் பஸ்ஸில் பார்த்துவிட்டவள் போல. மற்றவர்கள் வந்து பார்த்தார்கள். கஸ்தூரி வீட்டுப் படிதான். அந்த மூலையை உடைத்தது கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவன் என்பதுகூட எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. பூங்காவுக்கு முன்னால் அந்த இடத்தில் ஓடக்கரை என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் அங்கே பிறந்தவர்கள் அல்லது அங்கே கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆற்றை அழகுபடுத்த வேண்டும் என்று ஒரு காலையில் இயந்திரங்கள் வந்து ஓடக்கரையைத் தரையாக்கிவிட்டுப் போயின. ஆட்களை ஊருக்கு வெளியே, பஸ் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொழுது கழிந்துவிடுகிற செம்மேட்டு அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். இடித்ததை அள்ளிப்போக யாருக்கும் பொறுமை இல்லாததால் அதன்மேலேயே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, புல் பதித்து, நீரூற்று வைத்து, நடைபாதை போட்டு, பூங்கா என்றார்கள். கொட்டிய செம்மண்ணோடு பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் சேர்ந்து வந்துவிட்டன. ஐப்பசியிலிருந்து தை பிறக்கும்வரை, அவை பூத்து விதை உதிர்ப்பதற்குள் வேரோடு பிடுங்க வருஷா வருஷம் ஆள் வேண்டியிருந்தது. ஓடக்கரைப் பெண்களுக்குச் செம்மேட்டில் வேறு வேலை இல்லாததால் அவர்களே வந்தார்கள்.

மேஸ்திரி கன்னியப்பன் படியைப் பார்த்தார். குடை நுனியால் இரண்டு தட்டுத் தட்டினார். "நாம வெக்காதது எது முளைச்சாலும் புடுங்கணும். அவ்ளோதான். கஸ்தூரி, எடு" என்றார். கஸ்தூரி இரண்டு கையாலும் படியைப் பிடித்தாள். பிடித்தாளே தவிர இழுக்க வரவில்லை. அப்போது கூட வந்திருந்த மரகதம்தான் அவளை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, சீமைக்கருவேலக் கன்றைப் பிடுங்குவதுபோல் ஒரு சுழற்றுச் சுழற்றி அதை எடுத்தாள். படியோடு உள்ளங்கை அகலத்துக்குத் தரையும், விரல் நீளத்துக்குச் சுவரும் வந்தன; கீழே வெளுத்த வேர்கள் மண்ணெண்ணெய் வாசனையோடு தொங்கின. கற்றுக்கொடுத்தபடி மண்ணை உதறிக் குவியலில் போட்டுவிட்டு மரகதம் சொன்னாள்: "இதோ பாருங்கடி. அவங்கவங்க வூட்ட அவங்கவங்க புடுங்க வேணாம். உன்னுத நான், என்னுத நீ. இன்னா?"

எல்லோரும் சரி என்றார்கள். ரோஸ்லின் மட்டும், "அக்கா சொன்னா சரிதான்" என்று சேர்த்துச் சொன்னாள். ரோஸ்லின் மரகதத்துக்கு ஓடக்கரையில் பக்கத்து வீட்டுக்காரி, செம்மேட்டில் கீழ்மாடிக்காரி. அவளுடைய அம்மா சாகும்போது அவள் கையை எடுத்து மரகதத்தின் கையில் வைத்துவிட்டுச் செத்தாள்.

அதன்பிறகு மழை பெய்யப் பெய்ய வீடுகள் முளைத்தன. சறுக்குமரத்தின் கீழே, பேட்மிண்டன் திடலின் ஓரத்தில், யோகா மேடைக்குப் பின்னால், முதலில் படி, பிறகு காளான்போல் சுவர், பிறகு இலை விரிகிற மாதிரி சுருள் பிரிந்து விரிகிற ஓலைக் கூரையோ தகரமோ தார்ப்பாயோ, அந்தந்த வீட்டில் எது இருந்ததோ அது, ஒட்டுப்போட்ட இடத்தில் ஒட்டோடு. செடி மேடம் என்று பெண்கள் கூப்பிட்ட நந்திதா வந்தாள். தாவரவியல் படித்தவள், எந்தச் செடி மண்ணுக்கு உரியது, எது அன்னியம் என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. அவளும் ஒப்பந்தத்தில்தான் இருந்தாள், அவளுக்கும் ஒவ்வொரு தையிலும் வேலை நிலைக்குமா என்ற பயம் இருந்தது. முளைத்த வீடு ஒன்றின் முன் மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தாள். அது மண்ணுக்கு உரியதா அன்னியமா என்று மேலிடத்தில் கேட்டாள். பூங்காவின் வரைபடத்தில் இல்லாதது எல்லாம் அன்னியம் என்று பதில் வந்தது. பிறகு ஒரு வாரம் கவனித்துப் பார்த்துவிட்டு அவள் ஒரு விதி சொன்னாள்: பார்த்தீனியத்தைப் பூப்பதற்குள் பிடுங்குகிற மாதிரி, வீட்டைக் கதவு வைப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும். கதவு வைத்துவிட்டால் ஆள் வந்துவிடும்.

நடக்க வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. முதல் சில நாள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள், பிறகு கால் தடுக்கிவிடாமல் விலகி நடந்தார்கள், பிறகு பாதையில் இன்னும் ஒன்று எடுக்காமல் கிடக்கிறதே என்று மேஸ்திரியிடம் கோபித்துக்கொண்டார்கள். நடையாளர் சங்கத் தலைவர் ராமபத்ரன் நல்ல ஓலைக்கூரை வீடாகப் பார்த்து ஒன்றை மண்ணோடு கேட்டு வாங்கிப்போய்ப் பால்கனியில் தொட்டியில் வைத்தார். தண்ணீர் அதிகமாகி அது அழுகிப்போயிற்று. கழிப்பறைக்குப் பின்னால் குவித்துவைத்த வீடுகள் வெயிலில் சுருங்கிச் சுண்ணாம்பாக உதிர்ந்தன. உரத்துக்கு ஆகாது என்று மேடம் சொல்லிவிட்டதால் அந்தத் தூளை எடுத்துப் பேட்மிண்டன் திடலுக்குக் கோடு போட்டார்கள். கோடு வெள்ளைவெளேரென்று, மழைக்கும் அழியாமல் நின்றது.

ரோஸ்லினுடைய வீடு நீரூற்றின் பக்கத்தில் முளைத்தது. கல்யாணத்துக்கு அடித்த பச்சை வர்ணத்தோடு முளைத்தது. ரோஸ்லின் நீரூற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் மரகதம் குனிகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், மண் கிழிகிற சத்தம் எல்லாம் கேட்டது. நீரூற்றுச் சத்தம் நடுவில் வந்து மறைத்தது. "வந்துடிச்சாக்கா?" என்றாள் திரும்பாமல். "வந்துடிச்சு" என்றாள் மரகதம். அன்று மதியம் இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டார்கள்.

அதே வாரத்தில்தான், பூங்காவின் கிழக்கு மூலையில் ஆள் புக முடியாமல் மண்டிக் கிடந்த உண்ணிச்செடிப் புதருக்குள் கத்தியோடு நுழைந்த மரகதம் தன் வீட்டைக் கண்டாள்.

அது கணுக்கால் உயரம் இருந்தது. நடுவில் விரிசல் ஓடிய சிவப்புத் தரை, அடுப்பு மூலையில் கரி, கூரைக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும். மரகதம் ரோஸ்லினைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வெட்டிய உண்ணிக்கிளைகளை எடுத்து அதன்மேல் பரப்பிவிட்டு வெளியே வந்து, "இந்த மூல ரொம்ப முள்ளுங்க மேஸ்திரி, கடைசில பாத்துக்கலாம்" என்றாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தணிகாசலத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பெரியாஸ்பத்திரி பூங்காவுக்கு எதிர்ப்புறம், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும், ஓடக்கரையில் இருந்தவரை அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போய் வந்தான். செம்மேட்டில் அவர்கள் வீடு நான்காவது மாடியில். லிஃப்டுக்குக் கூண்டு இருந்தது, லிஃப்ட் வரவில்லை. விடியுமுன் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் இறக்க வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், ஊசியெல்லாம் எடுத்துத் தலை சுற்றுகிற உடம்போடு திரும்பவும் இரண்டு பஸ், திரும்பவும் நாற்காலி. சில நாள் அவன், "இன்னிக்கு வேணாம்மே, நாளைக்குப் போலாம்" என்பான். போகாத நாளின் மறுநாள் முகம் பானைபோல் வீங்கிக் கிடக்கும்.

வீடு வளர்ந்தது. மரகதம் மற்றவர்களுடைய வீடுகளைப் பிடுங்கினாள், ஒன்றையும் விடாமல், நறுவிசாக, வேர் அறாமல் பிடுங்கினாள், மேஸ்திரி மெச்சும்படி பிடுங்கினாள். சாப்பாட்டு வேளையில் மட்டும் ஒதுங்கப்போகிறேன் என்று புதருக்குள் போய்த் தன் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கூரை மார்பளவு வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தணிகாசலத்தை நேராக ஆட்டோவில் அழைத்துவந்தாள். அவன் தவழ்ந்து உள்ளே போனான். சிவப்புத் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைத் தொட்டுப் பார்த்தான்.

"இடிக்குதும்மே."

"வளந்துடும்யா. கொஞ்சம் பொறு."

"நாத்தாங்கால்ல படுத்துகினு இருக்கறாப்புல இருக்குது" என்று அவன் சிரித்தான். சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால் இருமல் வந்தது. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான். "ஏறுதும்மே. மெதுவா ஏறுது, கைக்குத் தெரியுது. நான் படுத்துட்டேன், இது எழுந்திருக்குது பாரு."

இரவு அவன் அங்கேயே தூங்கினான்; மறுநாள் காலையில் வீடு கூரையோடு முழுதாக நின்றது. கள்ளிப்பெட்டிப் பலகையில் தணிகாசலம் முன்னொரு காலத்தில் தன் கையாலேயே அடித்த கதவும் வைத்துவிட்டது. புதரைவிட வீடு உயரமாகிவிட்டதால் பாதையிலிருந்தே தெரிந்தது. மேஸ்திரி கடப்பாறையும் கையுமாகப் பாய்ந்து வந்தார். வந்தவர், கதவு இருந்ததால், தட்டினார்.

"யாரு?" என்றான் தணிகாசலம்.

"நான்தான், மேஸ்திரி."

"தொறந்துதான் இருக்குது. உள்ளாற வாங்க."

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அத்தனை பெண்களையும் கூப்பிட்டு, மூலைக்கு இரண்டு பேராகப் பிடித்து இழுக்கச் சொன்னார். மரகதத்தையும் பிடிக்கச் சொன்னார், அவளும் பிடித்தாள். வீடு அசையவில்லை. உள்ளே ஆள் இருக்கிற வீட்டின் வேர் ஆற்றுமட்டத்துக்கே போய்விடுகிறது என்று பிற்பாடு செடி மேடம் சொன்னாள். எதிர்மூலையைப் பிடித்திருந்த ரோஸ்லின் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது எப்பக்கா முளைச்சிச்சு?"

மரகதம் இன்னும் மூலையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"எங்கூட்ட புடுங்கினியே, அந்த வாரமா?"

"ரோஸ்லினு, அந்தாளு உடம்பு உனக்குத் தெரியாததா..."

"எனக்குத் தெரியும்க்கா. கேட்டிருந்தா நானே இல தழ போட்டு மூடியிருப்பேன்." அவள் கையுறையைக் கழற்றினாள், திரும்பவும் மாட்டிக்கொண்டாள். "கேக்கலியே நீ."

தை வரைக்கும் அந்த ஒரு வீடு இருக்கட்டும், முழுதாக வளர்ந்தது ஒன்று ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று செடி மேடம் மேலிடத்தில் பேசி வாங்கிக்கொடுத்தாள். அதற்காக மரகதம் அவள் காலைத் தொடப் போனாள், அவள் பதறி விலகினாள். அப்புறம் சில நாட்கள், மரகதம் தன் வாழ்நாளில் மறக்காத சில நாட்கள், அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். தணிகாசலம் பாலத்தின்மேல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனான், நடந்தே வந்தான். முகம் வடிந்து எலும்பு தெரிந்தது, பழைய முகம். நடையாளர் சங்கத்துக்காரர்கள் இட்லி கொண்டுவந்து கொடுத்தார்கள்; உப்பு போடாமல் சாப்பிட வேண்டும் என்று ராமபத்ரன் வாசலில் நின்று விளக்கினார். பத்து நாள் போனதும் அவரே, காலை நடைக்கு வருகிற நேரத்தில் நெத்திலி வறுக்கிற வாசனை வருகிறது, மூச்சுப்பயிற்சி செய்ய முடியவில்லை என்று புகார் எழுதினார்.

கஸ்தூரியும் மற்றவர்களும் மேஸ்திரியிடம் போய் நின்றார்கள். "எங்களுதுல ஒண்ணு ரெண்ட வுடுங்க மேஸ்திரி, எங்களுக்கும் ஆளுங்க இருக்காங்க" என்றார்கள். வெயிலில் நின்று கேட்ட கேள்விக்கு அவர் குடைக்குள் நின்று பதில் சொன்னார்: ஒன்றுக்குத்தான் அனுமதி, இன்னொன்று கதவு வைத்தால் அடுத்த வருஷம் வேன் செம்மேட்டுக்கு வராது, வேறு ஊருக்குப் போகும். அவர்கள் திரும்பிப்போய்த் தங்கள் வீடுகளைப் பிடுங்கினார்கள். யாருடையதை யார் பிடுங்குவது என்ற பேச்செல்லாம் போய்விட்டது. கண்ணில் பட்டதை, படியாக இருக்கும்போதே, திருகி எடுத்து வீசினார்கள். பிடுங்கிய கையோடு நிமிரும்போதெல்லாம் மரகதத்தின் கூரை தெரிந்தது. மதியம் மரகதம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடம் நிறைந்தபடியே சாயங்காலம் திரும்பிப் போயிற்று. அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று, ஒரு திட்டு திட்டிவிட்டாவது போவார்கள் என்று. பூங்காவில் அத்தனை பேர் நடந்தார்கள். ஓடக்கரைக்காரி ஒருத்தியும் அந்தப் பக்கம் வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் தணிகாசலத்துக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. துணைக்கு ஆள் வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியதால் மரகதம் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் கண் திறந்து, கஞ்சி குடித்து, எழுந்து நிற்கிறவரை கூடவே இருந்துவிட்டு, வெயில் சாய்ந்தபோது இருவரும் பாலத்தைக் கடந்து வந்தார்கள்.

வீடு இல்லை. இருந்த இடத்தில் குழிகூட இல்லை. மண் தள்ளி மிதித்து, சதுரச் சதுரமாகப் புல் பதித்து, தண்ணீர் தெளித்திருந்தது. புங்க மரத்தின் கீழே அவர்களுடைய பாயைச் சுருட்டி நிறுத்தி, தலையணையை அதன்மேல் வைத்து, சட்டி பானையை அடுக்கி, வெயில் படாத பக்கமாக மாத்திரைப் பையை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை மண்.

"மேஸ்திரி சொன்னாரா?" என்றாள் மரகதம்.

"மேஸ்திரி இன்னிக்கு வரவே இல்ல."

"மேடமா?"

"யாரும் சொல்லல." ரோஸ்லின் எழுந்து நின்றாள். "என்னுத நீ, உன்னுத நான். நீ சொன்னதுதான்க்கா."

மரகதம் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது, ஏனென்றால் ரோஸ்லின் விலகவில்லை, கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். தணிகாசலம்தான் புல்லைச் சுற்றிக்கொண்டு போய் — மிதிக்காமல், வாசல் இருந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் — மாத்திரைப் பையை எடுத்தான். "வா மரகதம். பஸ்ஸு போயிடும்" என்றான்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். வேறு பஸ் இல்லை.

தணிகாசலம் பங்குனி பார்க்கவில்லை. ஒரு காலையில் நாற்காலியில் வைத்து அவனை இறக்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் தலை சாய்ந்துவிட்டது. நாற்காலியின் பின்கால் ஒன்றைப் பிடித்திருந்தவள் ரோஸ்லின். ஆள் வெயிட்டு ஏறின மாதிரி இருக்குதே என்று அவள்தான் முதலில் சொன்னாள். கீழே இறக்குவதா மேலே ஏற்றுவதா என்று தெரியாமல் அங்கேயே வெகுநேரம் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. வேன் செம்மேட்டுக்கே வந்தது. பார்த்தீனியம் முன்னைவிட அடர்த்தியாக வந்திருந்தது, சீமைக்கருவேலம் வந்திருந்தது, உண்ணி வந்திருந்தது; வீடு ஒன்றுகூட முளைக்கவில்லை. கட்டுப்படுத்தலில் முழு வெற்றி என்று பூங்காவுக்கு விருது கொடுத்தார்கள். செடி மேடத்துக்கு வேலை நிலைத்தது; அவள் மரகதத்தைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பெண்கள் ஒவ்வொரு செடியைப் பிடுங்கியதும் அதன் தூரை ஒருகணம் விரலால் கிளறிப் பார்த்தார்கள், பிறகு அடுத்ததற்குப் போனார்கள். கார்த்திகைக்குள் அந்தப் பழக்கமும் விட்டுப்போயிற்று.

அந்த வருஷம் வந்த புது மேஸ்திரிக்கு யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் தெரியாது. அவர் மரகதத்தையும் ரோஸ்லினையும் ஜோடி போட்டு ஒரே வரிசையில் விட்டார். ஒரு காலை முழுக்க அவர்கள் பேசாமல் பிடுங்கினார்கள். பார்த்தீனியத் தூள் ஏறாமலிருக்க இருவரும் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தார்கள்.

"யக்கா."

மரகதம் நிமிரவில்லை.

"எங்கூடு எப்பிடிக்கா வந்துச்சு? நான் திரும்பி நின்னுகினு இருந்தேன். பாக்கல."

மரகதம் கையிலிருந்த செடியின் மண்ணை உதறினாள். உதறி முடிந்தபிறகும் உதறினாள். "வரமாட்டேன்னு நின்னுச்சு. ரெண்டு கையாலயும் இழுத்தேன். வேரு முழங்கை ஆழத்துக்குப் போயிருந்துச்சு. நுனியில ஒரு கண்ணாடி வளையல சுத்திகினு வந்துச்சு. உங்கம்மாவுதா இருக்கும்."

"அத இன்னா பண்ண?"

"குவியல்ல போட்டுட்டேன்."

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். இன்னும் இரண்டு செடி பிடுங்கினாள்.

"உன்னுது அப்பிடி இல்லக்கா" என்றாள் பிறகு. "ஒரு கைதான் வெச்சேன். தொட்டதுமே வந்துடிச்சு."

மரகதம் திரும்பிப் பார்த்தாள். அது ஆறுதலுக்குச் சொன்னதா, குத்துவதற்குச் சொன்னதா, இல்லை நடந்தது நடந்தபடியே சொன்னதுதானா என்று தெரிந்துகொள்ள ரோஸ்லினின் முகத்தைத் தேடினாள். துணிக்கு மேலே கண்கள் மட்டும்தான் இருந்தன, அவையும் தூளால் சிவந்து நீர் வடித்துக்கொண்டிருந்தன, எல்லோருடைய கண்களையும் போல. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து மேஸ்திரி விசில் ஊதினார். இருவரும் குனிந்தார்கள்.